திருவூடல் தெருவில் எழுந்து நின்ற சாய்ப்பு

என் அப்பா சொல்வதை எப்போதும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். பினாங்கில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. எட்டடிப் பாம்பு என்றால் நாலடி. இரண்டு திருடர்கள் என்றால் ஒருவர், அவரும் விசாரித்துப் பார்த்தால் பால்காரராக இருப்பார். நானோ தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகல் முழுவதும் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே, பொய் சொல்லாதே என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு வருவேன். வரும் வழியில் கோப்பிக் கடையில் அப்பா தன் நண்பர்கள் நடுவே உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பார். என்னால் பேசாமல் போக முடியாது. நின்று, "அப்பா, அது ரெண்டு பேர் இல்லை, ஒருத்தர்தான்" என்று திருத்திவிட்டுத்தான் நகர்வேன். நண்பர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். அப்பாவும் கூடவே சிரிப்பார்.

அவருடைய கதைகளில் இரண்டு மட்டும் நாற்பது வருஷமாக மாறாமல் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுமே திருவண்ணாமலையில் அவர் பிறந்த வீட்டைப் பற்றியவை. ஒன்று, கோயில் யானை அவர்கள் மளிகைக் கடைக்கு வந்து வெல்லம் வாங்கும், எடை கம்மியாக இருந்தால் துதிக்கையால் தராசைத் தட்டிவிடும் என்பது. மற்றது, கார்த்திகைத் தேர் தெருவுக்குள் வந்தால் அந்த வீட்டின் முகப்பே எழுந்து நிற்கும் என்பது. "மாடியில நின்னு நான் ஒருத்தனா இழுப்பேன். அரோகரான்னு கத்தினாத்தான் எழும்பும். வீடு கையைத் தூக்கினு நிக்கும். தேர் போனதும் இறக்கிடுவேன்" என்பார். யானையையாவது நம்பலாம். வீட்டை யார் நம்புவது?

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷ முடிவு விடுமுறை வந்தது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, கப்பல் ஏற முடியாது. "நீ போய்ட்டு வா. தேர் அன்னைக்கு ஒரே ஒரு போட்டோ எடு. தெருவில நின்னு எடுக்கணும். தேரும் நம்ம வீடும் ஒண்ணாத் தெரியணும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் பத்துச் சாமான் எழுதிக் கொடுக்கிற மனிதர், ஒரு பொட்டலம் விபூதிகூடக் கேட்கவில்லை.

மதராஸில் ஏறிய பஸ் செஞ்சிக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. நான் சண்டை போடத் தயாரானேன். வேறு யாருக்கும் அந்த எண்ணம் இல்லை. எல்லாரும் இறங்கி, புளியமரத்தடியில் ஓர் அம்மாள் விற்ற வேகவைத்த மல்லாட்டையை வாங்கி உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிலக்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். மலாய்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு நாங்கள் கச்சாங் என்போம். இரண்டு கை தின்றதும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. எனக்குப் பசித்தால்தான் கோபம் வரும் என்று அம்மா சொல்வாள், அது உண்மைதான் போலிருக்கிறது.

மலை கண்ணில் பட்டதும் பஸ்ஸில் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள், டிரைவரும் எழுந்துவிடுவார் என்று அப்பா சொல்லியிருந்தார். பாதிப் பேர் எழுந்தார்கள். டிரைவர் ஒரு கையை மட்டும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாதிக் கணக்கு அச்சுப் பிசகாமல் வந்தது.

கார்த்திகைத் திருவிழாவின் நாலாம் நாள் அது. ஊரில் நிற்க இடமில்லை. பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தேரடி வீதி முழுக்கப் பொரியும் கரும்பும் மிதிபடத் திருவூடல் தெருவுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் இருப்பது என் சித்தப்பா மகன் ஏழுமலையும் அவன் மனைவி பச்சையம்மாளும். கடை பேருக்குத்தான் ஏழுமலையுடையது. கல்லாவில் உட்காருவது, எடை போடுவது, ஆளைப் பார்த்துப் பேசுவது எல்லாம் பச்சையம்மாள். என்னைப் பார்த்ததும் தராசைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாக்கா, வா! இன்னாக்கா இப்படி இளைச்சுப் போய் வந்துகீற?" என்றாள். நான் எண்பது கிலோ. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீடு பதினைந்தடி அகலம்கூட இருக்காது. உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கிறது. பினாங்குக் கடைவீடுகளும் இப்படித்தான், முகம் சின்னது, முதுகு நீளம். முதலில் கடை. கடைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நுழையும் நடை. நடை போய் முற்றத்தில் திறக்கிறது. வானம் பார்த்த முற்றம், சுற்றி நாலு மரத்தூண், கரையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு தூணின் காலிலும் கல். அப்புறம் சமையற்கட்டு, கிணறு, அதற்கும் பின்னால் ஒரு சந்து. தேக்கு உத்திரங்கள் மேல் செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெத்தைத் தளம். சுவரில் கையை வைத்தால் அந்த மத்தியானத்திலும் குளிர்ந்தது. யாரும் பார்க்கவில்லை என்று கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன். பச்சையம்மாள் பார்த்துவிட்டாள்.

"எல்லாரும் வைப்பாங்கக்கா. நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே வச்சேன்" என்று சிரித்தாள்.

பினாங்கில் கடைவீடுகளுக்கு முன்னால் அஞ்சடி என்று ஒரு நடைபாதை உண்டு, மழையிலும் வெயிலிலும் தெரு முழுவதும் அதன் கீழேயே போய்விடலாம். இங்கே அதற்குப் பதில் சாய்ப்பு. கடை நிலைக்கு மேலே சுவரிலிருந்து தெருப்பக்கம் சரிந்து இறங்கும் தேக்குப் பலகைக் கூரை, முன்னால் தாங்க இரண்டு மரக்கால்கள். சுவரோடு சேரும் இடத்தில் வரிசையாக ஆறு இரும்புப் பூக்கள். எல்லாவற்றுக்கும் மேல் பச்சைப் பெயிண்டு, அதற்கு மேல் பச்சைப் பெயிண்டு. பூக்கள் ஒவ்வொன்றின் மீதும் குங்குமப் பொட்டு. வாங்க வருகிறவர்கள் அந்த நிழலில் நின்று ஊர் வம்பு பேசிவிட்டு, கடைசியில் நினைவு வந்து கால் கிலோ பருப்பு வாங்குவார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கடையைத் திறக்கப் போனேன். கடைக்குக் கதவு கிடையாது, பதின்மூன்று பலகைகள். மேலும் கீழும் உள்ள காடியில் ஒவ்வொன்றாக நகர்த்தி எடுக்க வேண்டும், வரிசைப்படி சாத்திவைக்க வேண்டும். நான் எடுத்துக் கண்ட இடத்தில் சாத்தினேன். ராத்திரி கடையை மூட முடியாமல் ஏழுமலை எட்டாம் பலகையோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிவிட்டது. "டீச்சருக்கு வரிசை தெரியலியே" என்று பச்சையம்மாள் இரண்டு நாள் என்னை ஓட்டினாள். அது பிறகு. அன்று பத்து மணிக்கே பெரிய வம்பு ஒன்று தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தது.

இரண்டு ஆட்கள் ஒரு நீள மூங்கிலைத் தெருவுக்குக் குறுக்காகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடந்து வந்தார்கள். தேரின் அகலமான தட்டு எவ்வளவோ அந்த அளவுக்கு வெட்டிய மூங்கில். பின்னால் சிவப்புப் பெயிண்டு டப்பாவோடு ஓர் ஓவர்சியர். மூங்கில் எங்கே இடிக்கிறதோ அங்கே ஒரு கோடு. தேருக்குப் பாதை பார்ப்பது இப்படித்தானாம். எங்கள் எதிர்ச்சாரியில் அந்த வருஷம் புதிதாகச் சாக்கடைக் கால்வாய் கட்டியிருந்தார்கள். சக்கரம் அதன் மேல் ஏறக்கூடாது என்று தேரை எங்கள் பக்கம் மூன்றடி தள்ளி ஓட்ட ஏற்பாடு. மூங்கில் வந்தது. எங்கள் சாய்ப்பில் டொக் என்று இடித்தது.

"மூணு அடி உள்ள வருதுங்க. எடுத்துடுங்க" என்றார் ஓவர்சியர், கோடு போட்டுக்கொண்டே.

"எத்தினி வருஷமா தேர் போவுது, ஒரு நாளும் இடிக்கலியே!" என்றாள் பச்சையம்மாள்.

"அப்ப கால்வாய் இல்லம்மா. எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்கு நாலு மணிக்கு மூங்கிலோட மறுபடி வருவேன். இடிச்சுதுன்னா ரம்பம் கூடவே வரும்." மனிதர் கெட்டவர் இல்லை. போகும்போது ஒரு பொரி உருண்டை வாங்கிக்கொண்டு போனார்.

பச்சையம்மாள் போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். ஏழுமலை முகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தான், இரும்புச் சுருள் கதவின் படம் போட்ட விளம்பரம். "பாதி அறுத்த மூஞ்சியோட கடை நடத்த முடியுமாக்கா? அறுக்கறதுன்னு ஆச்சு, தேர் போனதும் முகப்பையே இடிச்சுட்டு, கான்கிரீட் போட்டு, ரோலிங் ஷட்டர் வச்சுடலாம். எல்லாரும் வச்சுட்டாங்க."

"வச்சுக்கோ. வெயில் நேரா வந்து விழும். வெல்லம் உருகி ஓடறப்ப ரோலிங் ஷட்டரையே வழிச்சு வித்துக்கோ" என்றாள் பச்சையம்மாள். குரல் உடைந்திருந்தது. "வர்றவங்க எங்க நிப்பாங்க? நிக்க நிழல் இல்லாத கடையில யாரு பேசுவா? பேசாதவங்க எங்க வாங்குவாங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாடிக்குப் போய்விட்டேன். அப்பா கேட்டது ஒரு போட்டோ. அறுபட்ட வீட்டையா எடுத்துக்கொண்டு போவேன்? தெருவைப் பார்த்த அந்த அறையில் ஒரு ஜன்னல், அதற்கு மேல் ஓர் உத்திரம், உத்திரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சக்கரம் போல ஒவ்வொன்று. அவற்றில் பூண்டுக் கொத்துகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சும்மா ஒரு கொத்தைத் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது. அதன் பள்ளத்தில் இரும்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடி ஓடித் தேய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கப்பிக்கு நேராகச் சுவரில் இரண்டு துளைகள், உள்ளே குருவிக் கூடு. தடதடவென்று இறங்கினேன், சமையற்கட்டிலிருந்து கத்தியை எடுத்தேன், கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முதல் இரும்புப் பூவைச் சுரண்டினேன்.

"ஐயோ, அக்கா! அது லட்சுமி! வருஷா வருஷம் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறேன்!"

"பச்சையம்மா, இது லட்சுமி இல்லை. கீல்" என்றேன்.

பச்சை உதிர்ந்தது, அதன் கீழே இன்னொரு பச்சை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே கறுத்த இரும்பு. நடுவில் ஆணிக்குழாய் தெளிவாகத் தெரிந்தது. பெட்டிக் கதவில் இருப்பதைப் போன்ற கீல், ஆறு மடங்கு பெரியது. வருஷந்தோறும் சந்தனமும் குங்குமமும் பெயிண்டும் வைத்தவர்கள் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கவில்லை. பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியப்பா சொன்னாரா? எங்கப்பா உயிரோட இருக்கறப்பவே சொல்லும், எங்கண்ணன் வாயைத் திறந்தா ஒண்ணுக்கு ரெண்டுன்னு." அடக் கடவுளே, அப்பாவின் கீர்த்தி கடல் தாண்டியும் இருக்கிறது! "சரிக்கா, நெசம்னே வச்சுக்கலாம். அப்பால ஏன் நிறுத்திட்டாங்க?"

அது பச்சையம்மாளுக்குத் தெரிந்தது. எதிர்ச்சாரியில் அந்தக் காலத்தில் வண்டி மாடு தண்ணீர் குடிக்க ஒரு பெரிய கல்தொட்டி இருந்ததாம், அவள் மாமியார் சொல்லியிருக்கிறாள். தொட்டி இருந்தவரை தேர் எங்கள் பக்கம் ஒதுங்கி வந்திருக்கும். தொட்டியை எடுத்த பிறகு நடுத்தெருவில் போயிருக்கும், சாய்ப்பைத் தூக்க வேண்டிய தேவை போய்விட்டது. தூக்கினவர்களும் போய்விட்டார்கள். ஏழுமலை சிரிப்பதை நிறுத்தி, சாய்ப்பைத் தாங்கும் மரக்காலைக் குனிந்து பார்த்தான். "இது ஏன் சிமெண்ட் போடாம கல்லுக்குழியில சும்மா நிக்குதுன்னு நானும் யோசிச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தான்.

ஆறாம் நாள் விடிந்ததிலிருந்து வேலைதான். நானும் பச்சையம்மாளும் ஆளுக்கு மூன்று கீலாகப் பங்கு போட்டுக்கொண்டு சுரண்டினோம். விளக்கெண்ணெய் ஊற்றினோம், ஊறவிட்டோம், மறுபடி ஊற்றினோம். என் புடவை முழுக்கப் பச்சைத் தூள். வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மண்ணெண்ணெய் ஊத்துங்க என்றார் ஒருவர். தேங்காய் உடைங்க என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்தோம். ஏழுமலை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே போய் இரண்டு வடக்கயிறு வாங்கி வந்தான். குருவிக் கூட்டில் முட்டை இல்லை, நல்லவேளை. மத்தியானம் பச்சையம்மாள் கேழ்வரகுக் களியும் கீரையும் மல்லாட்டைத் துவையலும் போட்டாள். பினாங்கில் நான் சாப்பிடாத உணவு கிடையாது என்று பெருமை பேசுவேன். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மென்றுகொண்டே இருந்தேன், அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணிக்கு மாடியில் கயிற்றைக் கப்பியில் மாட்டி, துளை வழியே வெளியே விட்டுச் சாய்ப்பின் முன்விளிம்பில் கட்டினோம். ஒரே ஆள் இரண்டு கயிற்றையும் எப்படி இழுப்பது? வலதை நான் பிடித்தேன், இடதை ஏழுமலை பிடித்தான். பச்சையம்மாள் தெருவில் நின்று, "ம், இழுங்க!" என்றாள். இழுத்தோம். கீழே கிறீச்சென்று ஒரு சத்தம். சாய்ப்பு என் பக்கம் ஒரு முழம் ஏறி, அவன் பக்கம் ஏறாமல், கோணிக்கொண்டு இறுகிவிட்டது. இறக்கினோம். மறுபடி இழுத்தோம். இந்த முறை அவன் பக்கம் ஏறிக் கோணியது. "நிறுத்துங்க, நிறுத்துங்க! பலகை பொளக்குது!" என்று கீழிருந்து அலறல்.

மணி மூன்றரை. ஏழுமலை கயிற்றை விட்டான். "போதும்க்கா. பெரியப்பா கதையை நம்பி மொத்தத்தையும் உடைச்சுடுவோம் போலக்குது. ஓவர்சியரே வந்து அறுத்துட்டுப் போவட்டும்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எரிச்சலில்தான். அப்பாவின் கதை முழுவதையும் முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அரோகரான்னு கத்தினாத்தான் எழும்பும். ஓர் அரோகராவுக்கு ஒரு முழம் என்பார். பக்தியில் அளக்கிறார் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரே ஆள் இழுத்தால் எதற்குக் கத்த வேண்டும்? இரண்டு பேர் ஒன்றாக இழுக்கத்தானே குரல் வேண்டும்?

"ஏழுமலை, அப்பா தனியா இழுக்கலைடா" என்றேன். "இந்தப் பக்கம் எங்கப்பா. அந்தப் பக்கம், நீ நிக்கிற இடத்தில, உங்கப்பா."

அவன் தன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான். "எங்கப்பாவா?"

"கதையில தம்பியை விட்டுட்டார். ஒருத்தர் ஊர்ல இல்லாம ஒருத்தரால எப்படித் தூக்க முடியும்? அவர் கப்பல் ஏறிட்டார். அதனாலயும்தான் நின்னுபோச்சு."

"பாருக்கா பெரியப்பாவை! எங்கப்பாவையே விட்டுட்டாரே!" என்றான். சிரித்தான், மூக்கை உறிஞ்சினான், கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டான். "நீ சொல்லுக்கா. நான் சேர்ந்து இழுக்கறேன்."

"அண்ணாமலையாருக்கு..." என்று நான் கத்தினேன்.

"அரோகரா!" ஒரு முழம்.

"அண்ணாமலையாருக்கு..." "அரோகரா!" இன்னொரு முழம். கீழே நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் அரோகரா என்று ஒருவர் சொன்னால் நூறு பேர் சொல்வார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். சாய்ப்பு கோணாமல், முனகாமல், மட்டமாக எழுந்தது. எழுந்து சுவரோடு சேர்ந்து நின்றது. பச்சையம்மாள் மரக்கால் இரண்டையும் கல்குழியிலிருந்து அலாக்காகத் தூக்கி நடையில் போட்டாள். நான் உள்ளங்கை எரிய எரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மூங்கில் வந்தது. ரம்பமும் வந்தது. மூங்கில் எங்கள் வீட்டைத் தொடாமல் போயிற்று. ஓவர்சியர் திரும்பி வந்து, மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஆளைக் கூப்பிட்டு மறுபடி மூங்கிலைக் கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் தொடவில்லை. "இது யாருங்க செஞ்சது?" என்றார். "வீடு கட்டினவங்களே செஞ்சுட்டாங்க" என்றாள் பச்சையம்மாள், ராணி மாதிரி.

ஏழாம் நாள் தேர். கேமராவோடு தெருவில் நிற்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் பழைய கப்பியையும் புதுக் கயிற்றையும் ஆணியில் கட்டிவிட்டு நம்பி இறங்க முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கும் மனமில்லை, ஏழுமலைக்கும் இல்லை. ஓவர்சியர் எதிர்ச்சாரியில் நின்றிருந்தார். ஓடிப்போய் கேமராவை அவர் கையில் திணித்து, எதை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சாய்ப்பை ஏற்றினோம். முந்தின நாள் சிரிப்பில் கவனிக்காதது அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்ற சாய்ப்பு ஜன்னலை முழுவதும் மூடிவிட்டது. அறை கும்மிருட்டு. கடல் தாண்டித் தேர் பார்க்க வந்தவள் தேருக்கும் எனக்கும் நடுவே தேக்குப் பலகையை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்!

தேர் வந்தது. முதலில் சங்கிலி தரையில் உரசும் ஓசை. பிறகு சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களின் கூச்சல். பிறகு தரை அதிர்ந்தது, கயிற்றில் அந்த அதிர்வு ஏறிக் கைக்கு வந்தது. மணிகள். அரோகரா என்று ஒரே இரைச்சல். பலகை இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம், அதில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி ஓடியது, ஒரு மரக்குதிரையின் கண் ஓடியது, அவ்வளவுதான். ஒரு சாண் தூரத்தில் போயிருக்கும். எங்கும் உரசவில்லை.

அந்த இருட்டில் நின்றுகொண்டிருந்தபோது அப்பாவின் கதை எனக்கு வேறு மாதிரி கேட்டது. தேர் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சங்கிலிச் சத்தம், கட்டைச் சத்தம், தரை அதிர்வது, இவைதான் சொல்வார். இந்த வீட்டு முன்னால் தேர் நிற்கும் கோலத்தை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. அதனால்தான் தெருவில் நின்று எடு என்றார். எதிர்ப்பக்கம் ஏழுமலை அழுதுகொண்டிருந்தான், அது எனக்குச் சத்தத்தில் தெரிந்தது. நானும் அழுதேன். இருட்டு நல்ல வசதி.

பொழுது சாயும் நேரத்தில் அம்மன் தேர். சின்னது, சாய்ப்பைத் தொடாது. அதைப் பெண்கள்தான் இழுப்பார்கள். பச்சையம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சங்கிலியில் சேர்த்துவிட்டாள். எனக்கு முன்னால் ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மாள். பினாங்கில் பக்கத்து வீட்டாரால் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரியும். தன் மகளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீதான் பார்க்காமல் விட்டாய். அந்தத் தெருவில் ஒரு மூன்று மாடி வீடு, சாமி வந்ததும் அப்படியே எழுந்து நின்று கும்பிட்டது!"

அது ஒரு மாடி வீடு. எழுந்தது சாய்ப்பு மட்டும். திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டு சங்கிலியை இழுத்தேன்.

ரோலிங் ஷட்டர் படத்தை ஏழுமலை மறுநாள் பெருங்காயம் மடிக்க எடுத்துக்கொண்டான். புறப்படும்போது பச்சையம்மாளிடம் மற்ற கதையையும் கேட்டுவிடலாம் என்று, "கோயில் யானை இங்கே வெல்லம் வாங்குமாமே, எடை கம்மியா இருந்தா தராசைத் தட்டுமாமே?" என்றேன்.

"எடையாவது, தராசாவது! கண்ணுக்குப் பட்டதைத் தூக்கினு போயிடும்க்கா. பெரிய மாமா பொய்யி ஜாஸ்தி" என்றாள்.

பினாங்கில் படத்தைக் கழுவி வாங்கினேன். ஓவர்சியரின் கட்டைவிரல் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தில் தேரும் இருந்தது, கையைத் தூக்கி நிற்கும் வீடும் இருந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். நான் சொன்னேன் பார்த்தாயா என்று கேட்கவே இல்லை. "தம்பி புள்ளையா அந்தப் பக்கம் இழுத்தான்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். விரலால் படத்தைத் தடவினார். பிறகு, "சட்டையை எடு, கோப்பிக் கடைக்குப் போவணும்" என்றார்.

தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். படம் மேசையைச் சுற்றிக் கை மாறிக் கை மாறிப் போனது. நாற்பது வருஷம் சிரித்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது மட்டுமா? கோயில் யானை வந்து எங்க கடையில வெல்லம் வாங்கும். எடை கம்மியா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. டீச்சர் திருத்துவதற்காகக் காத்திருந்தார்கள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"விசாரிச்சேன்" என்றேன். "தராசைத் தட்டுமாம். அப்பா பாதியைத்தான் சொல்லியிருக்கார். எடை ஜாஸ்தியாப் போட்டா திருப்பிக் குடுத்துடுமாம்."

அப்பா கடைக்காரரைக் கூப்பிட்டு எனக்கும் ஒரு கோப்பி சொன்னார்.